கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? சாவியை மறுபடி திருகும் முன் பார்க்க வேண்டியவை

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் கை தானாகச் சாவியை மறுபடி மறுபடி திருகும். கெடுதல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்ஜினைச் சுற்றி எழுப்பும் செல்ஃப் மோட்டார் (ஸ்டார்ட்டர்) நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுப்பது. சில நொடி வேலைக்காகவே செய்யப்பட்டது. விடாமல் சுற்றவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடேறும், பேட்டரியும் இறங்கும். ஃபியூயல் பம்ப் ஃபியூஸ் போனது என்ற சின்னக் கோளாறு, செத்த பேட்டரியும் சேர்ந்து இரண்டு கோளாறாகிவிடும். பிறகு எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது நல்ல மெக்கானிக்குக்கே சிரமம். ஒரு முயற்சிக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம், நடுவே ஒரு நிமிடமாவது இடைவெளி விடுங்கள், மூன்றாவது முயற்சியோடு நிறுத்திவிடுங்கள்.

சாவியையே தொடக் கூடாத நேரங்களும் உண்டு. பெட்ரோல் வாடை பலமாக அடித்தாலோ, ஒயர் கருகும் நாற்றமோ புகையோ வந்தாலோ ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். எல்லாரையும் இறக்கிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வெள்ளத்தில் நின்ற கார் இதைவிட முக்கியம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் "ஒரு தடவை அடிச்சுப் பார்ப்போம்" என்று சாவியைத் திருகுவதுதான் இன்ஜினைக் கொல்லும். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போல அதை பிஸ்டனால் அமுக்க முடியாது; பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை ஆயில் மாற்றி, சுத்தம் செய்து, ஒயரிங் உலர்த்தி முடித்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். சாதாரண காப்பீட்டில் இப்படி வரும் இன்ஜின் சேதத்தைப் பொதுவாகத் தரமாட்டார்கள். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பது தெரியும்படி போட்டோ எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

இப்படி எதுவும் இல்லையென்றால் ஏசி, ரேடியோ, லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு முறை திருகுங்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள். எங்கே தேட வேண்டும் என்பதில் பாதி அந்தச் சத்தத்திலேயே கிடைத்துவிடும்.

'டக டக டக', அல்லது இழுத்து இழுத்துச் சுற்றினால்

வேகமாக 'டக டக' என்று அடித்தால் செல்ஃபின் சோலனாய்டுக்கு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்) மின்சாரம் வருகிறது, மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு வரவில்லை என்று பொருள். மெதுவாக இழுத்துச் சுற்றுவதும் இதே குடும்பம். பெரும்பாலும் பேட்டரி, இல்லையென்றால் டெர்மினல், அதாவது பேட்டரியில் ஒயர் மாட்டும் இடம்.

பானெட்டைத் திறந்து டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் அதுவே காரணமாக இருக்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். பெரும்பாலான கார்களில் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் நெகட்டிவ், அடுத்து பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். நெகட்டிவ் இணைப்பு இருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகி நெருப்பு பறக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்து ஊற்றிப் பொடியைக் கரையுங்கள். பேட்டரியின் மூடித் துளைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, துடைத்து உலரவிட்டு, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். அந்தப் பொடி அமிலத்தால் வந்தது, அதனால் கண்ணிலும் கையிலும் படவிடாதீர்கள்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. விலை அதிகமில்லை, ஊகத்தில் பேட்டரி மாற்றுவதிலிருந்து காப்பாற்றும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, டெர்மினல் கிளிப்பில் அல்ல, பேட்டரியின் ஈயக் குமிழிலேயே முனைகளை வையுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு செல் 2.1 வோல்ட், அதுதான் கணக்கு. அப்படிப்பட்ட பேட்டரியை சார்ஜ் போட்டுக் காப்பாற்ற முடியாது.

நின்றபோது எடுத்த அளவு மட்டும் போதாது. ஒருவரைச் சாவி திருகச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு சுமை தாங்கவில்லை. ஆனால் 11-க்கு மேலேயே நிற்கிறது, செல்ஃப் மட்டும் இழுக்கிறது என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் குமிழிலும் மறு முனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து மறுபடி சுற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் (நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைப்பது) துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் ஓடும் கார்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். நல்ல பேட்டரியை எறிந்துவிட்டுப் புதிது வாங்கி, ஒரு வாரத்தில் அதே பிரச்சினையோடு திரும்பி வருபவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

ஜம்ப் கேபிள் போடும் முறை

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்வதுதான் ஜம்ப். பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, ஒழுகினாலோ ஜம்ப் போடாதீர்கள். இரண்டு காரும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

1. சிவப்பு கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள்.
2. மறு முனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில்.
4. கறுப்பின் கடைசி முனையை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

நாலாவது படியில்தான் பலரும் தவறுகிறார்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும்; பேட்டரி பக்கத்தில் ஹைட்ரஜன் வாயு இருந்தால் வெடிக்கும். உதவும் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் மீட்டரை வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தால் பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். இன்ஜின் ஓடும்போதும் 12.5-க்குக் கீழேயே இருந்து இறங்கிக்கொண்டே போனால், டாஷ்போர்டில் பேட்டரி விளக்கும் எரிந்தால், பேட்டரியில் குற்றமில்லை, சார்ஜ் ஏறவில்லை. அந்தக் காரில் தூரம் போகாதீர்கள், வழியில் நின்றுவிடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் காருக்கு மட்டும், அதுவும் பேட்டரிதான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். சாவி ஆனில், இரண்டாவது கியரில், கிளட்ச் அமுக்கி, ஓட்டமாகத் தள்ளி கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் ஓடும்வரை பவர் ஸ்டீயரிங் வேலை செய்யாது, பிரேக்கும் கல்லாக இருக்கும், இறக்கத்தில் முயலாதீர்கள். பிளக்கில் பொறி வராத காரைத் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும்.

ஒரு சத்தமும் இல்லை, அல்லது ஒரே ஒரு 'டொக்'

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் அப்படியே மங்கி அணைந்தால் மேலே சொன்ன பேட்டரி, டெர்மினல் பகுதிக்கே திரும்புங்கள். வெளிச்சம் குறையவே இல்லை, செல்ஃபும் அசையவில்லை என்றால் மின்சாரம் செல்ஃப் வரை போகவில்லை.

இங்கே முதலில் பார்க்க வேண்டியவை செலவில்லாதவை. இப்போதைய பல கார்களில் கிளட்சை முழுக்க அமுக்கினால்தான் செல்ஃப் எடுக்கும். தரைவிரிப்பு நகர்ந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தாலே எடுக்காது. ஆட்டோமேட்டிக்கில் கியர் 'P' (பார்க்) நிலையில் இருந்தும் எடுக்கவில்லையென்றால் 'N' (நியூட்ரல்) நிலைக்கு மாற்றி, பிரேக்கை அமுக்கியபடி பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் காரில் பிரேக் அமுக்கும்போது பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லையென்றால் பிரேக் சுவிட்ச் போயிருக்கலாம். பிரேக் அமுக்கியதே காருக்குத் தெரியாது. ரிமோட்டின் பேட்டரி தீர்ந்திருந்தால் பல கார்களில் ரிமோட்டையே பட்டன் மேல் ஒட்டிப் பிடித்து அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். பட்டையான சிஆர்2032 செல்தான் பல ரிமோட்டுகளில் இருக்கும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

ஒரே ஒரு 'டொக்' சத்தம், லைட் பளிச்சென்று இருக்கிறது என்றால் செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சோலனாய்டு ஒட்டியிருக்கலாம். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்த நிலையில், மேலிருந்தே கை எட்டினால் மட்டும், ஒருவர் சாவியைத் திருகும்போது மோட்டாரின் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் சில சமயம் எடுத்துவிடும். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். எடுத்துவிட்டதால் சரியாகிவிட்டது என்று நினைக்காமல் நேராக ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஓட்டிப் போங்கள். அடுத்த முறை தட்டினாலும் எடுக்காமல் போகலாம்.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

இங்கே பேட்டரியை மறந்துவிடுங்கள். டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு படம் வேகமாக மினுக்கினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. வளையத்தில் உள்ள மற்ற சாவிகளைக் கழற்றிப் பாருங்கள், இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதிலும் ஆகவில்லையென்றால் அந்த நிறுவன சர்வீஸ் சென்டர்தான்.

அடுத்து எரிபொருள். மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். டேங்கில் உள்ள மிதவை சிக்கினால் கால் டேங்க் காட்டிக்கொண்டே காலியாகும். பெட்ரோல் காரில் சாவியை ஆனுக்குக் கொண்டுவந்ததும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி மெல்லிய 'ங்ங்' என்ற சத்தம் வர வேண்டும். அது ஃபியூயல் பம்ப். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்து அதன் ஃபியூஸைத் தேடுங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். கம்பி சுற்றிப் போடுவதும் பெரிய ஆம்பியர் போடுவதும் காரையே கொளுத்தும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட், அங்கே நிறுத்திவிடுங்கள். பம்ப் ரிலேவை (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) சந்தேகித்தால், அதே எண் அச்சிட்ட ஹாரன் ரிலேவை அங்கே மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

பலமுறை முயன்று பெட்ரோல் வாடை லேசாக வந்தால் பிளக் நனைந்திருக்கும். ஆக்சிலரேட்டரைத் தரைவரை அமுக்கிப் பிடித்து, 10 நொடி சுற்றுங்கள். பெரும்பாலான இன்ஜெக்டர் கார்களில் இந்த நிலையில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும்.

ஓடிச் சூடான கார் நின்றுவிட்டு, அரை மணி ஆறியதும் எடுக்கிறது என்றால் இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையாமல் இருப்பது இதற்கு இன்னொரு அடையாளம். மெக்கானிக்கின் ஸ்கேனரில் P0335 என்ற பிழை எண் (கோடு) வந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனாலும் அந்தக் கோடு சென்சார் சர்க்யூட்டைத்தான் சொல்கிறது. எலி கடித்த ஒயரும் அதே கோடைக் காட்டும். மழைக்காலத்தில் பானெட்டுக்குள் எலிப் புழுக்கையும் பஞ்சுத் துணுக்கும் கிடந்தால் முதலில் ஒயர்களைப் பாருங்கள்.

டீசல் தீர்ந்து நின்ற காரில் பிறகு டீசல் ஊற்றினாலும் எடுக்காது; குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் பக்கம் கையால் அமுக்கும் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சிஆர்டிஐ இன்ஜினில் (அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் இப்போதைய டீசல் இன்ஜின்) இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்க யாரையும் விடாதீர்கள். அதில் ஆயிரம் பார் (bar) அளவுக்கு மேல் அழுத்தம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். குளிரில் டீசல் இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் கோளாறு சமவெளி வெயிலில் அவ்வளவாகத் தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் காலை நேரத்தில் காட்டிக்கொடுக்கும்.

ஒரு சத்தத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வழக்கமாக இன்ஜின் சுற்றும்போது ஒரு ஏற்ற இறக்கம் கேட்கும். அது இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராகச் சுற்றினால் வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு முறைகூடத் திருகாதீர்கள். பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும்.

யாரைக் கூப்பிடுவது

பேட்டரி என்று மீட்டர் சொன்னால் பேட்டரி கடை போதும். பலர் இருக்கும் இடத்துக்கே வந்து மாற்றிக் கொடுப்பார்கள். சுமை கொடுத்து பேட்டரியைச் சோதிக்கும் லோடு டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லிவிட்டு வாங்குங்கள், பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் கேளுங்கள். புது பேட்டரியும் இரண்டு நாளில் இறங்கினால் எங்கோ மின் கசிவு. கார் பூட்டி அரை மணிக்குப் பின் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தேட வேண்டும். செல்ஃப், ஆல்டர்னேட்டர், எர்த், எலி கடித்த ஒயர் எல்லாம் அவருடைய வேலை. சாவி கோடிங், டைமிங், சிஆர்டிஐ, வெள்ளம் ஆகியவை சர்வீஸ் சென்டருக்கு. ஹைப்ரிட் காரில் ஆரஞ்சு நிற ஒயர்களை யாரும் தொடக் கூடாது. வாரண்டி இருந்தால் எதையும் பிரிக்கும் முன் நிறுவன உதவி எண்ணுக்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் ஹசார்டு லைட் போட்டு, முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைத்து, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்றபடி நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழையுங்கள்.

மெக்கானிக்கிடம் போனில் "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாமல், செல்ஃப் சுற்றுகிறதா, என்ன சத்தம், லைட் மங்குகிறதா, எந்த விளக்கு மினுக்குகிறது, சூடாக நின்றதா காலையில் எடுக்கவில்லையா, கடைசியாக எங்கே டீசலோ பெட்ரோலோ போட்டது, எத்தனை வோல்ட் என்று சொல்லுங்கள். அவர் பேட்டரியோடு வருவதா, ஸ்கேனரோடு வருவதா, ரெக்கவரி வண்டியோடு வருவதா என்று அங்கேயே முடிவாகிவிடும்.