வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையைப் பாதுகாப்பது எப்படி?

கடலை மிட்டாயைக் குழந்தையின் கண்ணில் படாமல் வைப்பது எளிது. சட்னி கெட்டியாக வரவேண்டும் என்று சேர்த்து அரைத்த வேர்க்கடலையையும், "ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது" என்று பாசத்தோடு ஊட்டிவிடும் கையையும் தடுப்பதுதான் கடினம். என் மகளுக்கு இந்த ஒவ்வாமை இருப்பதால், எங்கள் வீட்டில் கடைப்பிடிப்பவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் உறுதிசெய்யுங்கள்

குழந்தைக்கு என்ன சாப்பிட்டதும், எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது என்பதை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தோல் பரிசோதனையையும் ரத்தப் பரிசோதனையையும் இந்த விவரத்தோடு சேர்த்துப் பார்த்துத்தான் அவர் முடிவு சொல்வார். பயத்தில் பால், முட்டை, கோதுமை எல்லாவற்றையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வளரும் குழந்தைக்கு அது வேறு கேடு. வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

2. சமையலறை

மிக்சி ஜாரைக் கவிழ்த்து, பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும் பாருங்கள். எவ்வளவு அலசினாலும் அங்கே பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தைக்கென்று தனி ஜார், தனிக் கரண்டி வைப்பதே நல்லது. வேர்க்கடலையை வீட்டுக்குள் வாங்குவதையே நிறுத்திவிட்டால் இன்னும் நிம்மதி. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

அடுத்தது எண்ணெய். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் தங்கியிருக்கும். நன்கு சுத்திகரித்த எண்ணெயில் அது பெரும்பாலும் நீங்கிவிடும் என்றாலும், மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்க்கு மாறுகிறவர்கள் எள், தேங்காய் ஒவ்வாமை இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேர்க்கடலையைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் கிருமிக்குத்தான், கையில் ஒட்டிய புரதத்தை அது போக்காது.

3. கடையும் விருந்தும்

பொட்டலத்தில் விற்கும் உணவில் வேர்க்கடலை சேர்த்திருந்தால் அதை உறையில் குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படியுங்கள், செய்பொருள்கள் மாறக்கூடும். "இருக்கக்கூடும்" என்று போட்டிருந்தாலும் வேண்டாம். நிறுத்து விற்கும் மிக்சர், காராபூந்தி, ஓட்டல் சட்னி, கோயில் புளியோதரை ஆகியவற்றில் படிக்க உறையே இல்லை. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

4. ஊட்டுகிறவர்களிடம் சொல்லுங்கள்

தாத்தா, பாட்டி, வகுப்பாசிரியர், வேன் ஓட்டுநர், பக்கத்து வீட்டு அக்கா என எல்லோரிடமும் நேரில் சொல்லுங்கள். "சேராது" என்று சொன்னால் சளி பிடிக்கும் என்பதுபோல எடுத்துக்கொள்வார்கள். "சாப்பிட்டால் மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்து" என்று சொல்லத் தயங்காதீர்கள். பிறந்தநாள் சாக்லேட் கொடுத்தால் வாங்கிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரக் குழந்தையைப் பழக்குங்கள்.

5. மீறி நடந்துவிட்டால்

பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும். தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி எனத் தொடங்கலாம். தடிப்பே இல்லாமலும் வரலாம். மூச்சிரைப்பு, குரல் கம்மல், தொடர் இருமல், துவண்டு விழுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கடும் ஒவ்வாமைக்கான உயிர்காக்கும் மருந்தான அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் சிரப் மூச்சுக்குழலைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

ஊசி போட்டதும் 108ஐ அழையுங்கள். கையில் ஊசி இல்லாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழையுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் உட்காரவிடலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

தானாகச் செலுத்தும் ஊசிப் பேனா நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, குப்பியிலிருந்து மருந்தை எடுத்துப் போடவும் அவரிடமே பழகிக்கொள்ளுங்கள். எடை கூடக்கூட அளவும் மாறும். மருந்துப் பை குழந்தை போகுமிடமெல்லாம் போக வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். மாதப் பிறப்பன்று காலாவதித் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.