வீட்டில் மரக் கேனோ கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு, சனி ஞாயிறுகளில் மரக் கேனோ, அதாவது துடுப்புப் போடும் ஒடுங்கிய நீளப் படகு, கட்டும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது அங்கங்கே கண்ணில் படுகிறார்கள். அல்சூர், கம்மனஹள்ளி, ராமமூர்த்தி நகர் என்று யார் கூப்பிட்டாலும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மரவேலை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கிறது. வீடியோ பார்த்து இழைப்புளி பிடிக்கக் கற்றவர்கள் என்று சொன்னால் ஆசாரிகளே நம்ப மாட்டார்கள். ஆனால் எங்கள் காலத்தில் கட்டியவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தோமோ, அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். ரம்பத்தில் விரலைக் கொடுக்காதே, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பெரும்பாலோர் கட்டும் முறை இதுதான்: ரீப்பர் என்கிற மெல்லிய மரச் சட்டங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிப் படகின் வடிவம் எடுத்து, மேலே கண்ணாடி இழைத் துணியைப் படிய வைத்து எபாக்ஸி பூசுவார்கள். எபாக்ஸி என்பது ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்தால் இறுகும் பிசின்.

ஈர மரம்

வெளிநாட்டு வரைபடங்கள் எல்லாம் செடார் மரத்தைச் சொல்லும். இங்கே அது விலை அதிகம், எளிதில் கிடைப்பதும் இல்லை. குடகு, சிக்கமகளூர் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் நமக்குப் போதும். செடாரைவிடக் கனம், அவ்வளவுதான். மைசூர் ரோட்டை ஒட்டிய டிம்பர் யார்ட் லேஅவுட்டில் கேட்டால் 6 மில்லிமீட்டர் கனம், 20 மில்லிமீட்டர் அகலத்தில் ரீப்பராகவே அறுத்துத் தருவார்கள்.

தவறு அதற்குப் பிறகு நடக்கிறது. சனிக்கிழமை அறுத்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். மரத்தில் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால், வெயில் காலத்தில் ரீப்பர் சுருங்கி ஒட்டிய கோடெல்லாம் வாய் பிளக்கும். இரண்டு பக்கமும் எபாக்ஸி பூசி மூடிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் போக வழியே கிடையாது. வீட்டுக்குள் ஃபேன் காற்றில் இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். ஈரமானி இரவல் கிடைத்தால் கூட வாங்கிப் பாருங்கள். இன்னொன்று, சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பைக் கொண்டுவரும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு இழையுங்கள்.

பிளைவுட்டில் கட்டுகிறவர்கள் கடைக்காரர் வாயால் சொல்லும் ‘மரைன்’ என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது வீட்டு அலமாரிக்கு.

மாடிப்படி

16 அடிப் படகு உங்கள் மாடிப்படியில் திரும்புமா? முதல் ரீப்பரை ஒட்டும் முன் அளந்துவிடுங்கள்.

ஃபைபர் கடையில் கொடுப்பதை எல்லாம் வாங்குவது

‘படகுக்கு ஃபைபர் வேண்டும்’ என்று கேட்டால் பல கடைகளில் பாலியெஸ்டர் ரெசினையும் மேட்டையும் (நெய்யாமல், இழைகளைப் பசையால் ஒட்டிய கண்ணாடி இழை விரிப்பு) கட்டிக் கொடுத்துவிடுவார்கள். தண்ணீர்த் தொட்டி செய்ய அது சரி. மரத்தின் மேல் பாலியெஸ்டர் நாளடைவில் உரிந்து வரும். மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரையும்படி செய்தது. எபாக்ஸியில் அது கரையாது. அதனால் எபாக்ஸியை மேட்டில் ஊற்றினால் வளைவுகளில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். நமக்கு வேண்டியது நெய்த கண்ணாடித் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம். அதோடு எபாக்ஸி.

பாலியெஸ்டரில் பழகிய கை இன்னொரு கெட்ட பழக்கத்தையும் கொண்டுவருகிறது. அங்கே இறுகலைத் தூண்டும் கேடலிஸ்ட்டை ஒரு சொட்டு கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்ஸியில் ஹார்ட்னர் என்பது கேடலிஸ்ட் இல்லை, இறுகும் பொருளிலேயே ஒரு பகுதி. கூட்டினாலும் குறைத்தாலும் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் விகிதம் எடைக்கா, அளவுக்கா என்று முதலில் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

பிளஷைக் கழுவாமல் தேய்ப்பது

இந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. தவிர்க்க ஒரு பக்கெட் தண்ணீர் போதும். தவிர்க்காவிட்டால் மாதக்கணக்கான உழைப்பு வீண்.

எபாக்ஸி ஹார்ட்னரில் இருப்பது அமைன் என்கிற ரசாயனம். ரெசினோடு சேர்ந்து இறுகும் முன், மேற்பரப்பில் இருக்கும் கொஞ்சம் அமைன் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மெழுகு மாதிரி ஒரு படலமாகிப் படிந்துவிடும். அதைத்தான் பிளஷ் என்கிறோம். குளிர் கூடினால் இறுகுவது தாமதமாகும், அமைனுக்கு நேரம் நிறையக் கிடைக்கும். ஈரம் கூடினால் கேட்கவே வேண்டாம்.

‘நம்ம ஊர் க்ளைமேட் ஏசி மாதிரி, எபாக்ஸிக்கு நல்லது’ என்று பெங்களூரில் எல்லோரும் சொல்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. ஜூனிலிருந்து அக்டோபர் வரை ராத்திரிக் காற்று குளிர்ந்து, நனைந்துதான் இருக்கும். வேலைக்குப் போகிறவர் எட்டு மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ரெசின் கலக்குகிறார். அது இறுகுகிற நேரம் நள்ளிரவும் விடியற்காலையும், தகர ஷீட்டின் அடியில் பனி முத்து முத்தாகக் கோத்து நிற்கிற வேளை. பிளஷ் வருவதற்கு இதைவிடத் தோதான நேரத்தை நாமே தேடினாலும் கிடைக்காது.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி கட்டிய படகு அப்படித்தான் போனது. சில்வர் ஓக்கில் அடியிலிருந்து விளிம்பு வரை ஒரு ரீப்பர் கூட விலகாத வேலை. துணியைப் படிய வைத்து, நெசவு மறைய மேலே இரண்டு கோட், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராத்திரி. காலையில் கையில் பிசுக்கென்று ஒட்டியிருக்கிறது. “ராத்திரி பனி பட்டிருக்கும்னு நினைச்சேன் அண்ணா. தேய்ச்சா போயிடும்னு உப்புத்தாள் போட்டேன்” என்றான். அதன் மேல் வார்னிஷ். நான் பார்க்கப் போனபோது படகு முதல் தடவை தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. முன்பக்கம் வார்னிஷ் தோல் தோலாக எழும்பி நின்றது. ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதன் அடிப்பக்கம் வெள்ளையாய்ப் பால் படிந்த மாதிரி இருந்தது. உரிந்த இடத்தை ஈர விரலால் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுக்கியது.

அவனிடம் மீதியிருந்த உப்புத்தாளையும் வாங்கிப் பார்த்தேன். 120-ஆம் நம்பர் தாள். மணலுக்கு நடுவே வெள்ளைக் கட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. நன்றாக இறுகிய எபாக்ஸி மாவாக உதிரும், தாளில் ஒட்டாது. இரண்டு இழுப்பில் தாள் அடைக்கிறது என்றால் படகு உங்களிடம் ஏதோ சொல்கிறது. அங்கேயே நிறுத்த வேண்டும். மேலே தேய்க்கத் தேய்க்க அந்த மெழுகு தாள் போட்ட கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் எந்த கோட்டும் பிடிக்காது. எண்ணெய் வார்னிஷாக இருந்தால் சில இடங்களில் காயவே காயாது.

தின்னர் போட்டுத் துடைக்கலாமே என்பார்கள். பிளஷ் தண்ணீரில் கரைவது. தின்னர் அதை இழுத்துப் படகு முழுக்கப் பரப்பும். சுத்தமான பச்சைத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர், பழைய பருத்தித் துணி. இவை போதும். கையகலம் கையகலமாகத் தேய்த்து, தண்ணீர் காயும் முன் துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காய விட்டால் கரைந்தது மறுபடியும் அங்கேயே படியும். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். சோப்பு வேண்டாம், அதுவே ஒரு படலத்தை விட்டுவைக்கும். போய்விட்டதா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் பி.எச். தாளை வையுங்கள். நீலம் பக்கம் போனால் பிளஷ் இன்னும் இருக்கிறது. கழுவி, காய்ந்த பிறகுதான் உப்புத்தாள்.

பிளஷ் வராத எபாக்ஸி என்று டப்பாவில் போட்டிருந்தாலும் கழுவுங்கள். கடைசி கோட்டின் மேல் பீல் பிளை என்கிற நைலான் துணியை விரித்து வைத்தால், இறுகிய பின் உரிக்கும்போது பிளஷும் அதோடு வந்துவிடும். முந்தைய கோட் இன்னும் லேசாகப் பிசுபிசுக்கும்போதே, அதே நாளில் அடுத்ததைப் பூசினால் நடுவில் கழுவ வேண்டியதில்லை, தேய்க்கவும் வேண்டியதில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் பூசினால், வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். அதனால் மரம் சூடாகி, இறங்க ஆரம்பிக்கும் பிற்பகல் மூன்று மணி நல்லது. இருட்டுவதற்குள் ஓரளவு பிடித்துவிடும். பிப்ரவரியிலிருந்து மே வரை அதற்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டுமென்றால் படகைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி உள்ளே குண்டு பல்பு எரிய விடுங்கள். கேஸ் அடுப்பையோ கரியையோ உள்ளே வைத்துவிடாதீர்கள். எரிகிற எதுவும் கரியமில வாயுவையும், கேஸ் என்றால் நீராவியையும் சேர்த்து விடும். பிளஷுக்கு நீங்களே தீனி போட்ட மாதிரி ஆகும். மூடிய கூடாரத்தில் உயிருக்கும் ஆபத்து.

அந்தத் தம்பியின் படகைக் காப்பாற்ற வார்னிஷ் முழுவதையும் சுரண்டி, கழுவி, நெசவு தெரியும் வரை இறக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் துணியே அறுந்து ஒட்டுப் போட்டோம். அழகான மரத்தில் அந்த ஒட்டுகள் இன்றும் தெரிகின்றன.

துணி வரை தேய்ப்பது

உப்புத்தாளின் அடியில் நெசவின் கட்டம் பளிச்சிட்டால் கையை எடுங்கள். படகின் பலம் அந்தத் துணியில்தான் இருக்கிறது.

சோபா பாலிஷ்

எபாக்ஸிக்கு வெயில் ஆகாது. மேலே எதுவும் பூசாவிட்டால் மஞ்சளாகி, பிறகு சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதற்கு ஃபர்னிச்சர் பாலிஷ் போடுகிறவரைக் கூப்பிட்டு மெலமைன் அடிக்கச் சொல்கிறார்கள். மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் சோபாவுக்கும் கட்டிலுக்கும் ஆனது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மரைன் வார்னிஷ் தான் வேண்டும். மெல்லிய கோட்டாக, ஐந்துக்குக் குறையாமல் அடியுங்கள். படகை நிழலில் கவிழ்த்து வையுங்கள். பளபளப்பு மங்கும்போதே லேசாகத் தேய்த்து ஒரு கோட் ஏற்றிவிட்டால் எபாக்ஸி வரை போகாது.

அடைத்த காற்றறை

முன்னும் பின்னும் இருக்கும் மிதப்பு அறைகளை முழுக்க அடைத்துவிட்டு வெயிலில் நிறுத்தினால் உள்காற்று விரிந்து ஒட்டிய இணைப்பை நெம்பிவிடும். ஒவ்வொன்றிலும் மேல்பக்கம் ஒரு சிறு துளை போட்டு, தண்ணீரில் இறக்கும்போது மட்டும் கார்க்கால் அடையுங்கள்.