11 புட்டிகளும் ஒரு நிப்பிளும்

என் மகள் பிறந்தபோது சிங்கப்பூரில் எங்கள் சுவா சூ காங் வீட்டு அலமாரியில் 11 பால் புட்டிகள் இருந்தன. வளைகாப்புக்கு வந்தவர்கள் கொடுத்தது பாதி, எக்ஸ்போ மண்டபத்தில் நடந்த குழந்தைப் பொருள் கண்காட்சியில் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று நாங்களே அள்ளிக்கொண்டு வந்தது மீதி. அவள் நிம்மதியாகக் குடித்தது 12ஆவது புட்டியில். அதுவும் மூன்றரை மாதத்தில், பக்கத்து புளோக் அக்கா இரவல் கொடுத்ததில்.

நான் ஜூரோங் தீவில் பம்பும் வால்வும் பழுதுபார்க்கிறவன். திரவம் என்ன வேகத்தில் வருகிறது, காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. வீட்டில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. புட்டியின் நிறம், கரடி பொம்மை, பெட்டியில் எழுதியிருந்ததை எல்லாம் பார்த்து வாங்கினோம். குழந்தையின் வாய்க்குள் போவது நிப்பிள் மட்டும்தான் என்பது தோன்றவே இல்லை.

கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: புட்டியில் என்ன ஊற்றப் போகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை? தாய்ப்பால்தான், அம்மா வெளியே போகும்போது மட்டும் புட்டி என்றால் 120 அல்லது 160 மில்லி புட்டி இரண்டு மூன்று போதும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நாளொன்றுக்குச் சராசரியாக 750 மில்லிதான் குடிக்கும். எட்டு தடவை என்று வைத்தால் தடவைக்கு 90, 100 மில்லி. 240 மில்லி புட்டி வாங்கினால் அதை நிரப்பத்தான் நமக்குக் கை அரிக்கும். பவுடர் பால் மட்டும் என்றால் கணக்கு வேறு: எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி, 6 கிலோவுக்கு 900. அதற்குச் சில மாதத்தில் பெரிய புட்டி வேண்டியிருக்கும், ராத்திரி இரண்டு மணிக்குக் கழுவிக்கொண்டு நிற்காமலிருக்க ஆறேழு புட்டியும் வேண்டும். ஆனால் முதல் நாளே ஆறும் ஒரே வகையில் வாங்காதீர்கள். இரண்டு வகையில் ஒவ்வொன்று வாங்குங்கள். மிச்சத்தைக் குழந்தை சொல்லட்டும்.

இப்போது நிப்பிள். பெட்டியில் '0+', '3+' என்று மாதக் கணக்கோ, எஸ்எஸ், எஸ், எம், எல் என்று எழுத்தோ போட்டிருப்பார்கள். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான அளவு என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவருடைய '0+' இன்னொருவருடைய '3+' மாதிரி பாயும். ஒரு ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, தூக்கம் வராமல், சமையலறை மேடையில் எங்களிடம் இருந்த இரண்டு '0+' நிப்பிள்களிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துக் கைபேசியில் நேரம் பார்த்தேன். ஒன்றில் 10 வினாடிக்கு 9 சொட்டு. இன்னொன்றில் எண்ணவே முடியவில்லை, நூல் பிடித்த மாதிரி கொட்டியது. எங்கள் மகள் முதல் மாதம் முழுக்க மூச்சுத் திணறித் திணறிக் குடித்தது அந்த இரண்டாவதில்தான். வால்வு உள்ள சில நிப்பிள்கள் சப்பினால்தான் பால் விடும், கவிழ்த்தால் சொட்டாது. அதனால் இந்தச் சோதனையை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்க வேண்டியது குழந்தையின் முகம்.

பால் வேகம் அதிகம் என்றால் கடைவாயில் பால் வழியும். 'களக் களக்' என்று விழுங்கும் சத்தம் கேட்கும். புருவம் ஏறும், கண் அகலும், கை விரல்கள் விரிந்து நிற்கும். அந்த விரலைத்தான் நாங்கள் பார்க்கத் தவறினோம். 'பாப்பாவுக்கு என்ன பசி பாரு, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்' என்று பெருமைப்பட்டுக்கொண்டோம். பசியா அது? விழுங்காவிட்டால் மூச்சு முட்டும், அதனால் விழுங்கினாள். வேகம் குறைவு என்றால் வேறு மாதிரி: கன்னம் குழி விழும், பத்து நிமிடத்தில் களைத்துத் தூங்கிவிடும், அரை மணியில் எழுந்து அழும், இல்லையென்றால் நிப்பிளைக் கடித்து இழுத்துக் கோபப்படும். பெட்டியில் உள்ள மாதக் கணக்கை விட்டுவிட்டு இதை வைத்து மாற்றுங்கள். ஆறு மாதம் ஆகியும் மெதுவான நிப்பிளிலேயே நிம்மதியாகக் குடிக்கிற குழந்தைக்கு வேகமானது எதற்கு? தாய்ப்பாலும் குடிக்கிற குழந்தை என்றால் மெதுவானதே நல்லது.

வடிவத்துக்கு வருவோம். 'தாய் மார்பு போலவே' என்று போட்டு, அகலமான அடியும் நடுவில் குட்டி முனையுமாக விற்கிறார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கிறது. வாய்க்குள் போனால் பல குழந்தைகளின் உதடு அந்தக் குட்டி முனையைச் சுற்றி மட்டும் மூடிக்கொள்கிறது, ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற மாதிரி. முனையிலிருந்து அடி வரை சரிவாக, படிப்படியாக அகலமாகிற நிப்பிள் என்றால் வாய் திறந்து ஆழமாகப் பற்றும். இதை எங்களுக்குச் சொன்னவர் மருத்துவமனையில் தாய்ப்பால் ஆலோசனை தரும் தாதி. அவர் புட்டியைக் கையில்கூட வாங்கவில்லை, குழந்தையின் உதட்டைத்தான் பார்த்தார்.

அந்த அம்மாதான் பிடிக்கும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்காமல் கொஞ்சம் நிமிர்த்தி உட்காரவைத்து, புட்டியைக் கிட்டத்தட்ட படுக்கை வாட்டில் பிடிக்க வேண்டும். நிப்பிளில் பால் இருந்தால் போதும், புட்டியைச் செங்குத்தாகத் தூக்க வேண்டாம். நாலைந்து மிடறுக்கு ஒரு தடவை புட்டியைக் கீழே சாய்த்து மூச்சு விடச் செய்யுங்கள். ஒரு வேளைப் பால் 15, 20 நிமிடம் எடுக்கட்டும். இந்த ஒன்றை மாற்றியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. புட்டியை மாற்றுமுன் இதைச் செய்து பாருங்கள், காசு கிடையாது.

காற்று என் துறை. குழந்தை உறிஞ்சினால் புட்டிக்குள் வெற்றிடம் உண்டாகும். அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் நிப்பிள் உள்ளே ஒட்டிக்கொள்ளும், குழந்தை விட்டுவிட்டு அழும். அதற்காகச் சில புட்டியில் நிப்பிள் ஓரத்தில் சின்ன ஓட்டை, சிலவற்றில் அடியில் வால்வு, டாக்டர் பிரவுன்ஸ் நிறுவனப் புட்டி மாதிரியானவற்றில் நடுவே ஒரு குழாய். எல்லாமே வேலை செய்யும். ஆனால் பாகம் கூடக் கூடக் கழுவுவது கூடும். நிப்பிள் ஒட்டுகிறதா? புதிது வாங்க ஓடாதீர்கள், வளையத்தைக் கால் திருகு தளர்த்திப் பாருங்கள். நம் ஆட்கள் கசியக் கூடாது என்று முறுக்கு முறுக்கென்று முறுக்கி, காற்று வருகிற வழியையே அடைத்துவிடுகிறோம். குழாய் உள்ள புட்டியை மூடி போட்டபடியே சுடுதண்ணீரில் வைத்தால் உள்ளே காற்று விரிந்து பால் வெளியே தள்ளும். அது புட்டியின் குற்றமில்லை.

சரி, எங்கள் 12ஆவது புட்டிக்கு வருகிறேன். மனைவிக்கு 16 வார விடுப்பு முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. நடுவில் சில வாரம் நேரடியாகத் தாய்ப்பால் மட்டும் கொடுத்ததில் மகள் புட்டியை மறந்தே போய்விட்டாள். புட்டியைக் கண்டாலே வில்லாக வளைந்து அலறல். ஒரு சாயங்காலம் என் அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் எனக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கை எடுத்து வந்தார். மூக்கு லேசாக நசுங்கியிருந்தது, பல் முளைக்கும்போது நான் கடித்ததாம். "கொதிக்க வச்சு எடுத்துட்டு வாடா, பிள்ளை பட்டினியா கிடக்கு" என்றார். மகளை நிமிர்த்தி மடியில் வைத்து, கீழுதட்டில் சங்கின் மூக்கை வைத்து, அவள் நக்கி எடுக்க எடுக்கச் சாய்த்தார். வாய்க்குள் ஊற்றவில்லை. 40 மில்லி, 20 நிமிடம். புட்டி பழகும்வரை அது தாங்கியது.

பழக்கியது இப்படி. இரவல் புட்டி ஒடுங்கிய கழுத்து, சரிவான நிப்பிள், மெதுவாகச் சொட்டுவது. மனைவி புளோக் கீழ்த்தளத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா வாசனை வீட்டில் இருந்தால் குழந்தை ஏன் ரப்பரைச் சப்ப வேண்டும்? கடும் பசி வருமுன், தூக்கம் தெளிந்த முகமாக இருக்கும்போது, தாழ்வாரத்தில் நின்று கீழே எல்ஆர்டி ரயில் போவதைக் காட்டியபடி நிப்பிளை உதட்டில் மட்டும் தடவினேன். உள்ளே திணிக்கவில்லை. முதல் நாள் 10 மில்லி. நான்காம் நாள் 90.

புட்டி எதில் செய்தது என்பதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பாலிபுரோப்பிலீன் என்ற சாதாரண பிளாஸ்டிக் மலிவு, லேசு, ஆனால் கீறல் விழும், மங்கும். பிபிஎஸ்யு என்ற பிளாஸ்டிக் தேன் நிறத்தில் இருக்கும், சூடு நன்றாகத் தாங்கும், விலை கூட. சிங்கப்பூரில் உருவான ஹெகன் நிறுவனத்தின் சதுரமான புட்டிகள் அந்த வகைதான். கண்ணாடி கறை பிடிக்காது, ஆனால் கனம், விழுந்தால் தொலைந்தது. யாராவது பரணிலிருந்து பழைய பிளாஸ்டிக் புட்டி எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் உள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக் புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் தடை செய்தது. அதற்கு முந்தியவை எதில் செய்தவையோ, யார் கண்டது?

பவுடர் பால் கலக்கிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பவுடர் கிருமி நீக்கியதல்ல, அதனால் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல், பாலிபுரோப்பிலீன் புட்டியில் சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் லிட்டருக்கு 16 மில்லியன் வரை நுண்பிளாஸ்டிக் துகள் வருகிறது என்று கண்டார்கள். அதனால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வழி எளிது: சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கி, ஆறவைத்துப் புட்டியில் ஊற்றுங்கள். இன்னொன்று, புட்டியின் மில்லி கோடு. அதை நம்பித்தானே பவுடர் கரண்டியை எண்ணிப் போடுகிறோம்? 100 கிராம் தண்ணீரைத் தராசில் நிறுத்து ஊற்றிப் பார்த்தேன், ஒரு மலிவுப் புட்டி 110 காட்டியது. அச்சடித்த கோடு அழிந்தும் போகும். அச்சில் புடைத்த கோடு உள்ளதை வாங்குங்கள்.

கழுவுவதில் நம் ஊர் ஈரம்தான் எதிரி. ஆவியில் வைத்து எடுத்த புட்டியைத் தண்ணீரோடு மூடி வைத்தால் வால்வு மடிப்பில் கறுப்புப் புள்ளி வரும். நன்றாகக் காயவிடுங்கள். பிளாஸ்டிக்குக்கு ஸ்பாஞ்ச் பிரஷ். நைலான் பிரஷ் கீறும். நிப்பிள் தொட்டால் பிசுபிசுத்தாலோ, மஞ்சளாகத் தடித்தாலோ, முனை கிழிந்தாலோ உடனே தூக்கிப் போடுங்கள், நல்லதாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதத்தில் மாற்றுங்கள்.

கைக்குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் 2 மாதத்திலிருந்தே சேர்க்கலாம். அங்கே அனுப்புவதென்றால் பாகம் குறைந்த புட்டியே மேல். ஒரு ஆசிரியர் பல குழந்தைகளைப் பார்க்கிற இடத்தில் ஐந்து பாகக் குழாய்ப் புட்டியைக் கொடுத்தால் ஒரு நாள் ஏதோ ஒரு பாகம் இல்லாமல் திரும்பும். எங்களுக்குத் திரும்பியது. பெயர் எழுதி ஒட்டுங்கள், என்ன நிப்பிள், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதல் நாளே செய்து காட்டுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, அண்ணப் பிளவு (மேல்வாயில் பிளவு) உள்ள குழந்தை, குடிக்கும்போது உதடு நீலமாகிற குழந்தை, எடை ஏறாத குழந்தை: இவர்களுக்கு நான் மேலே சொன்ன எதையும் வைத்துக் கடையில் தேட வேண்டாம். லேசாக அழுத்தினால் பால் வருகிற, ஒரு வழி வால்வு உள்ள தனிப் புட்டிகள் இருக்கின்றன. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பிளவுக் குறைபாட்டுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. எந்த மருத்துவமனை என்றாலும் பால் குடிப்பதைப் பார்த்துச் சொல்கிற பேச்சுச் சிகிச்சையாளரைக் கேளுங்கள். பேச்சுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்தேன். இரண்டும் நாக்கு செய்கிற வேலை.

இப்போது மகளுக்கு 13 மாதம். ஆறு மாதத்திலேயே கோப்பையைக் காட்டத் தொடங்கினோம், ஒன்றரை வயதுக்குள் புட்டியை நிறுத்த வேண்டுமாம். அம்மா அவளுக்கென்று குட்டி எவர்சில்வர் டம்ளர் ஒன்று தேக்கா கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். பாதியைக் குடிக்கிறாள், மீதியைத் தரைக்கு ஊற்றி, குனிந்து பார்த்துச் சிரிக்கிறாள். அந்த 11 புட்டிகளில் பிரிக்காத ஏழு இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், "நிப்பிள் எப்படி என்று பார்த்துக் கொடுங்கள்" என்கிறார் மனைவி.