பல வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி பைக்: எங்கிருந்து தொடங்குவது?

பைக் ஓட்டப் பழகியது மறக்காது என்பார்கள். பாதி உண்மை. கிளட்சும் கியரும் கைகால்களுக்குச் சீக்கிரம் திரும்பி வந்துவிடும். வராமல் அடம்பிடிப்பவை இரண்டு: அவசரத்தில் பிரேக் பிடிப்பது, மெதுவான வேகத்தில் வண்டியைத் திருப்புவது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு நான் மறுபடி ஓட்டத் தொடங்கியபோது அதிக நேரம் வாங்கியவையும் இவைதான். அதனால் இந்தப் பதிவும் அங்கேயே அதிகம் நிற்கும். கியர் போடுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் காலாவதி ஆகிவிட்டனவா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: வண்டியைப் பாருங்கள்

பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று டயரை நம்பாதீர்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். இறுகிப்போன ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்று இருந்தால் அது 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரான டயர். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பத்து வருடம் என்றால் காட்டவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் வயதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து பிரேக் ஆயில். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும்: புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் பிரேக் லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டும், வண்டி நிற்காது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றியும் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால் பிரேக் பேடை அழுத்தும் கேலிபர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம்.

பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் அதன் அடிக்கிண்ணத்தில் தேங்கியதையும் சேர்த்து. காய்ந்த பெட்ரோல் பிசினாகி, பெட்ரோல் உள்ளே போகும் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு மல்டிமீட்டர் போதும்: சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டபின் 12.6 வோல்ட் அருகில் நிற்க வேண்டும்.

காற்று விஷயத்தில் என் பிடிவாதம் ஒன்று உண்டு: சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் இடத்து மீட்டர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லும். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். செயினை இஞ்சின் ஓடும்போது துடைக்கவே கூடாது. துணியோடு விரலும் செயின் சுற்றும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும்.

படி 2: ஹெல்மெட்

அலமாரியில் கிடக்கும் பழைய ஹெல்மெட்டை எடுக்காதீர்கள். உள்ளே உள்ள பஞ்சு தளர்ந்திருந்தால் அடிபடும்போது ஹெல்மெட் தலையில் நிற்காது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது, ஹெல்மெட்டுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் ஸ்னெல் அறக்கட்டளை. என் ஓட்டு முழுமுக ஹெல்மெட்டுக்குத்தான். பக்கிளைப் போட்டபின் இரண்டு கையாலும் பின்புறத்தைப் பிடித்து முன்னால் உருட்டிப் பாருங்கள், கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. கிளவுஸும் கணுக்காலை மூடும் ஷூவும் கட்டாயம்.

படி 3: ஆளில்லாத மைதானம்

முதலில் இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே நடங்கள், நடந்தபடி முன் பிரேக் பிடியுங்கள். எடையை உடம்பு மறந்திருக்கும். இப்படித்தான் அது நினைவுக்கு வரும். பிறகு ஹாஃப் கிளட்சில், நடக்கும் வேகத்தில் எட்டு போடுங்கள். ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, வலது காலால் பின் பிரேக்கை லேசாக உரச விடுங்கள். வேகத்தைக் கிளட்ச் பார்த்துக்கொள்ளட்டும். திருப்பும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே சாயும். பார்வை திரும்ப வேண்டிய இடத்தில் இருக்கட்டும். முன் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவரின் வண்டி குழிக்குத்தான் போகும்.

படி 4: முன் பிரேக்

1981இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு விபத்து ஆய்வு வெளியானது. சுமார் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்திருந்தார்கள். அதில் திரும்பத் திரும்பத் தெரிந்தது: ஆபத்து வந்ததும் ஓட்டுபவர் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்குகிறார், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிப்பதில்லை. முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சின்ன வயதில் கேட்ட எச்சரிக்கை பலருக்கும் இன்னும் கையில் தங்கியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்கு மாறுகிறது, பின் சக்கரம் லேசாகிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்னால்தான்.

ஆனால் பிடிக்கும் விதம் முக்கியம். லீவரை முதலில் லேசாக அழுத்தி, பிரேக் பிடிக்கத் தொடங்கும்வரை உள்ள வெற்று அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கீழே அமுங்குவது மணிக்கட்டில் தெரியும். டயர் ரோட்டில் அழுந்தியபிறகுதான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஈரத் துணியைப் பிழிவதுபோல: தொடக்கம் மெதுவாக, போகப்போக இறுக்கமாக. எடை மாறுவதற்கு முன்பே வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் உடனே விட்டு மறுபடி பிடியுங்கள். வண்டி நிமிர்ந்து நேராக ஓடும்போது மட்டும்தான் இந்தப் பயிற்சி, சாய்ந்திருக்கும்போது வேண்டாம்.

20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி 30, 40 என்று ஏற்றுங்கள். நல்ல காய்ந்த ரோட்டில் நன்றாகப் பிரேக் பிடித்தால் 40இலிருந்து நிற்க ஏறக்குறைய 9 மீட்டர், 60இலிருந்து 20 மீட்டர். அதுவும் பிரேக் பிடித்தபிறகு. 60இல் போகும்போது சுதாரிக்க ஒரு நொடி எடுத்தாலே அதற்கு முன் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த ஒரு நொடியைச் சுருக்கத்தான் நெரிசலில் இரண்டு விரலை லீவர் மேலேயே வைத்திருப்பது.

படி 5: ரோடு

வெளிச்சம், காய்ந்த ரோடு, தெரிந்த வழி, கூட்டமில்லாத நேரம். இவை நான்கும் சேர்ந்த நாளில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக விட்டுக்கொடுங்கள். இரவும் மழையும் ஒன்றாக வரும் பயணத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இடைப்பட்ட வருடங்களில் கார் ஓட்டியவர்கள் கவனிக்க: பைக்கில் உங்களை யாரும் பார்ப்பதில்லை. எதிரே வரும் கார் உங்கள் குறுக்கே திரும்புவதுதான் மிகப் பழைய விபத்து. அந்த ஓட்டுநரின் கண்ணை நம்பாதீர்கள், அவர் முன் சக்கரம் திரும்புகிறதா என்று பாருங்கள்.

சிரமம் தெரியாமல் ஓட்டத் தொடங்கும் வாரங்களில்தான் நான் வேகத்தைக் குறைத்துவைத்தேன். அப்போது கை வேகமாக இருக்கும், கணிப்பு இன்னும் பின்தங்கியிருக்கும். கணிப்பும் கையை எட்டும்வரை பின்னால் ஆள் ஏற்றுவதையும் ஒத்திப்போடுங்கள்.

பின்சேர்க்கை 1: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள புது வண்டியில் அழுத்திப் பிடித்ததும் லீவர் படபடவென்று துடிக்கிறது, கோளாறா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, ஏபிஎஸ் வேலை செய்கிறது. மேலே சொன்ன விட்டுப் பிடிக்கும் வேலையை அதுவே செய்துகொள்ளும். பயந்து கையை எடுத்தால்தான் தூரம் கூடும். மைதானத்திலேயே வேண்டுமென்றே அதைத் துடிக்க வைத்துப் பழகுங்கள்.

பின்சேர்க்கை 2: இடையில் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் பிரேக் பிடிப்பதில் வரும் குழப்பம் பற்றிக் கேட்டது எனக்குத் தோன்றாமல் போனது. ஸ்கூட்டரில் இடது கை லீவர் பின் பிரேக். பைக்கில் அது கிளட்ச். அவசரத்தில் பழக்கதோஷத்தில் இடது கையை இறுக்கினால் பிரேக் பிடிக்காது, இஞ்சின் வேகத்தை இழுத்துப் பிடிப்பதும் விட்டுப்போகும். வலது காலோ சும்மா இருக்கும். பழைய புல்லட் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சிக்கல் காலில்: அதில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். இரு தரப்புக்கும் தீர்வு ஒன்றுதான். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, “நிறுத்து” என்று சொல்லிக்கொண்டே வலது கையையும் வலது காலையும் சேர்த்து அழுத்துங்கள். யோசிக்காமல் வரும்வரை மைதானத்துக்குப் போக வேண்டாம்.