ஃபீனால் கழிவுநீர்: பிரிபுனலோடு முதல் நாள்

கழிவுநீரிலிருந்து ஃபீனாலை எப்படிப் பிரிப்பது என்று பினாங்கின் பிறையில் டிப்ளோமா படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் கேட்டதற்காக எழுதுகிறேன். பிளைவுட் பசை காய்ச்சும் ஆலைக் கழிவுநீரில் ஃபீனால் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கும். செறிவு அதிகமானால் சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்களே செத்துவிடும். அதனால் முதலில் கரைப்பானால் அதை உருவி எடுக்கிறோம்.

ஆலை நீரை இப்போதைக்குத் தொடவேண்டாம். 100 மி.லி. நீரில் 100 மி.கி. ஃபீனால் கரைத்தால் போதும். லிட்டருக்கு 1,000 மி.கி. ஆகிவிடும். ஆவியை உறிஞ்சும் புகைபோக்கி அறை, பாதுகாப்புக் கண்ணாடி, நியோப்ரீன் கையுறை கட்டாயம். ஃபீனால் பட்ட தோல் மரத்துப்போவதால் எரிவதே தெரியாது. நாம் கரைப்பானாகப் பயன்படுத்தும் டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும். நம் ஊர் வெயிலைச் சொல்லவா வேண்டும்!

1. முதலில் பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு. நான் முதன்முறை இதை மறந்தேன். பசை ஆலை நீர் காரத்தன்மை உடையது, மணிக்கணக்கில் குலுக்கியும் ஃபீனால் அசையவில்லை. பிஎச் 10 அளவில் பாதி ஃபீனால் அயனியாகி நீரிலேயே தங்கிவிடும்; 7-க்குக் கீழே அநேகமாக எல்லாமே மூலக்கூறாக இருக்கும், அதுதான் கரைப்பானுக்குத் தாவும். நீர்த்த கந்தக அமிலம் சொட்டி 5-க்குக் கொண்டுவாருங்கள். சல்ஃபைடோ சயனைடோ உள்ள நீரில் மட்டும் அமிலம் ஊற்றாதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

2. குலுக்கல். பிரிபுனலில் (அடியில் குழாய் வைத்த, கலவாத திரவங்களைப் பிரிக்கும் புனல்) நீரோடு 25 மி.லி. டொலுயீன் சேர்த்து, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து, இடையிடையே குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். தே தாரிக் தேநீரை ஆற்றுவதுபோல் ஆட்டினால் பால்போல் கலங்கி நிற்கும். அப்போது ஒரு சிட்டிகை உப்பு உதவும். அடியில் தேங்கும் நீரை இறக்கி, புது டொலுயீனோடு இன்னும் மூன்று முறை செய்யுங்கள்.

ஏன் நான்கு முறை? டொலுயீனின் பங்கீட்டு எண் சுமார் 2, அதாவது நீரில் இருப்பதைப்போல் இரு மடங்கு செறிவில் ஃபீனால் டொலுயீனில் தங்கும். 100 மி.லி.யை ஒரே தடவை ஊற்றினால் நீரில் லிட்டருக்கு 333 மி.கி. மிஞ்சும், 25 மி.லி. வீதம் நான்கு தடவை என்றால் லிட்டருக்கு 198 மி.கி.தான் மிஞ்சும். கரைப்பான் அளவு அதேதான், பாருங்கள். எம்.ஐ.பி.கே. (மீதைல் ஐசோபியூட்டைல் கீட்டோன்) என்ற கரைப்பான் இதைவிடப் பலமடங்கு இழுக்கும், ஆனால் நீரில் கிட்டத்தட்ட 2 விழுக்காடு கரைந்துவிடும். அதை ஆவியடித்து மீட்கவேண்டும்.

3. மீட்பு. டொலுயீன்களைச் சேர்த்து 10 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலோடு குலுக்குங்கள். ஃபீனால் சோடியம் ஃபீனேட்டாகிக் கீழே இறங்கிவிடும். டொலுயீனை மறுபடி பயன்படுத்தலாம்.

4. சோதனை. நீரைக் காரமாக்கி, 4-அமினோஆன்டிபைரினும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் சேர்த்தால், ஃபீனால் இருந்தால் சிவக்கும். நிறமானியில் 510 நானோமீட்டரில் அளவெடுங்கள்.

மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் பி தரத்துக்கு ஃபீனால் வரம்பு லிட்டருக்கு 1 மி.கி., குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஆலைகளுக்கான ஏ தரத்துக்கு 0.001. உங்கள் புனலின் 198-ஐ அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அடுத்த வாரம் கரிப்படுகை வழியாக இதே நீரை விடப்போகிறோம். மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றவேண்டாம், மூடி போட்ட கழிவு ஜாடியில் சேருங்கள்.