கார்புரேட்டரில் கடைசியாகக் கை வையுங்கள்

வண்டி திணறுகிறது, ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது) ஓட்டம் நிலையாக இல்லை, மைலேஜ் இறங்கிவிட்டது என்று சொன்னதுமே பாதிப் பேர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். என் அனுபவத்தில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, எல்லாம் குறைந்த செலவில் முடிகிறவை. திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். கோயம்பேட்டிலிருந்து வெங்காய மூட்டையும் தக்காளிப் பெட்டியும் வருவது என் 1996 மாடல் மாருதி ஆம்னியில்தான். அது ஒரு நாள் படுத்துவிட்டால் லோடு வண்டி வாடகையிலேயே அன்றைய லாபம் போய்விடும். அதனால்தான் எஞ்சின் வேலையை நானே கற்றுக்கொண்டேன்.

ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால் 796 சிசி, மூன்று சிலிண்டர், பெரும்பாலும் கைக்கு எட்டும். வசதிதான், ஆனால் பெட்ரோல் கசிந்தால் அதுவும் நமக்குக் கீழேதான் கசியும். எனவே முதலில் பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸைப் பாருங்கள். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். இந்த வண்டி வந்த காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கம் மயிரிழையாகக் கீறல் தெரிந்தாலோ, தொட்டால் ஊறிப்போன மாதிரி மெத்தென்று இருந்தாலோ, அன்றைக்கே மாற்றிவிடுங்கள். எத்தனால் தாங்கும் ஃப்யூல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், கிளாம்பையும் புதிதாகப் போடுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பெட்ரோல் வேலை செய்யும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரி டெர்மினலைக் கழற்றியிருக்க வேண்டும், வண்டி வெட்டவெளியில் நிற்க வேண்டும். என் வண்டியை அடுப்படிப் பக்கம் வைத்து ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன்.

ஏர் ஃபில்டரை வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தெரியவில்லையா, மாற்றுங்கள்.

அப்புறம் சிலிண்டருக்குள் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக். மூன்றையும் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று மாறாமல் வரிசையாக வையுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. வெளுத்துப் போயிருந்தால் காற்று அதிகம். மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள், ஏனென்றால் மூன்றுக்கும் பெட்ரோல் கொடுப்பது அந்த ஒரே கார்புரேட்டர்தான். அந்த சிலிண்டரின் பிளக் ஒயர், வால்வு, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பக்கம் தேடுங்கள். பிளக் முனையின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் (திறந்து மூடும் தொடர்பு முனை) இருந்தால், பாயிண்டின் இடைவெளி 0.4 முதல் 0.5. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் போதும்.

அடுத்தது வாக்யூம் ஹோஸ்கள், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் ரப்பர் குழாய்கள். ஐடிலிங் ஏறி இறங்குவதற்கு நான் பார்த்த முக்கால்வாசி காரணம் இதுதான். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸாக விரலால் நசுக்குங்கள், ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமல். ஒன்றை நசுக்கியதும் ஓட்டம் சீரானால் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. கார்புரேட்டரின் அடி நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் அடித்தட்டு கோணிக்கொள்ளும்.

இத்தனையும் சரியாக இருந்தும் திணறினால், சரி, இப்போது கார்புரேட்டர். கழற்றும்போது ஒவ்வொரு நிலையிலும் போனில் படம் எடுங்கள். பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் தொட்டியின் அடியில் துருத் தூளும் தண்ணீர்த் துளியும் தங்கியிருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஜெட்டில் (பெட்ரோல் வரும் நுண்துளையில்) கம்பி விடவே விடாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் மைலேஜ் திரும்ப வராது. க்ளீனர் அடித்து ஊறவிட்டு, பஞ்சர் கடைக் காற்றால் ஊதினால் போதும். ரிப்பேர் கிட்டில் வரும் கேஸ்கட்டையும் டயாஃப்ரத்தையும் (மெல்லிய சவ்வு) மாற்றிவிட்டுத்தான் மூட வேண்டும்.

பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே திருப்பலாம்தான். நான் புகைச் சோதனை மையத்துக்குப் போகிறேன். சர்டிபிகேட் எப்படியும் எடுக்கத்தானே வேண்டும்? சோதனைக் குழாய் சைலன்சருக்குள் இருக்கும்போதே ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பி, கார்பன் மோனாக்சைடு அளவு எப்படி மாறுகிறது என்று திரையில் பார்த்துக்கொள்கிறேன். கூட்டமில்லாத நேரத்தில் கேட்டால் மறுக்கமாட்டார்கள். என் வண்டி வந்த காலத்து வண்டிகளுக்கு வரம்பு 3 சதவீதம். நன்றாக டியூன் ஆன எஞ்சின் அதற்குக் கீழேயே நிற்கும்.

கத்திரி வெயிலில் லோடோடு சிக்னல் சிக்னலாக நின்று வந்து, ஆஃப் செய்த வண்டி உடனே எடுக்காவிட்டால் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுக்காதீர்கள். சூட்டில் கொதித்த பெட்ரோல் ஏற்கெனவே உள்ளே வழிந்திருக்கும். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள், பம்ப் செய்ய வேண்டாம். ஐப்பசி மழையில் எடுக்காவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே உலர்ந்த துணியால் துடையுங்கள். வெள்ளத் தண்ணீர் ஏர் ஃபில்டர் வரை ஏறியிருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது, கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

பாகங்கள் வாங்க எனக்கு ஒரு கணக்கு உண்டு. ரப்பர், கேஸ்கட், பிளக், பாயிண்ட் எல்லாம் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் புதிதாக. பிராக்கெட், ஏர் ஃபில்டர் டப்பா, கார்புரேட்டர் பாடி மாதிரி உலோகச் சாமான் புதுப்பேட்டையில் பழையதாக. பழைய பாடி வாங்கும்போது காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.