காயகல்ப் விருது: மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்கும் தொற்றுத் தடுப்புக்கும் மத்திய அரசு 2015 முதல் வழங்கும் காயகல்ப் விருதுக்குத் தயாராகும்போது, பல இடங்களில் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். சுவர் பளிச்சென்றிருந்தால் சில மதிப்பெண் வரும், அவ்வளவே. மதிப்பீட்டாளர் சுற்றிப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஊழியரைக் கேட்பார், பதிவேட்டைப் புரட்டுவார், நோயாளியிடமும் விசாரிப்பார்.

மருத்துவமனை தனக்குத் தானே மதிப்பெண் போடும் உள் மதிப்பீட்டில் தாராளம் காட்டுவது அடுத்த தவறு. ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்றுதான் மதிப்பெண். பாதி நடந்திருக்கும் வேலைக்கு 2 போட்டு, அடுத்த கட்டத்துக்குத் தேவையான 70 விழுக்காட்டைத் தாண்டிவிடலாம். வேறொரு மருத்துவமனைக் குழு வந்து பார்க்கும் சக மதிப்பீட்டிலும் 70 வேண்டுமே? அதன் பிறகுதான் வெளி மதிப்பீடு. சந்தேகம் வந்தால் 1 போடுங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதாவது தெரியும்.

உண்மையான சறுக்கல் துப்புரவுப் பணியாளரிடம் கேட்கும் கேள்வியில். “தரையில ரத்தம் சிந்திட்டா என்ன செய்வீங்க?” என்றால், “மாப் போட்டுடுவேன் சார்” என்று பதில் வரும். மாப் போட்டால் ரத்தம் வார்டு முழுக்கப் பரவும். கையுறை போட்டு, உறிஞ்சும் காகிதத்தால் மூடி, 1 விழுக்காடு ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசலை ஊற்றி, 10 நிமிடமாவது விட்டு, அள்ளி மஞ்சள் பையில் போட வேண்டும். கரைசலைக் கை அளவில் கலக்க விடாதீர்கள். 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரில் தயாரிப்பதென்றால் லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 33 கிராம். அளவு குறித்த கப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நேற்றுக் கலந்தது வீரியம் இழந்திருக்கும்.

கழிவை மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கிடங்கில் பிரிக்கக் கூடாது. உண்டாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில், டிரிப் குழாய் சிவப்பில், ஊசியைக் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பி நீலத்தில். 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது.

பதிவேட்டில், மதிப்பீட்டுக்கு முந்தைய இரவு ஒரே பேனாவில் ஒரு மாதத்துக்குப் போட்ட கையெழுத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பொறுப்பாளர் விடுப்பில் இருந்த நாளிலும் அவர் கையெழுத்து இருந்தால் இன்னும் மோசம்.

பரிசுத் தொகையில் 75 விழுக்காடு மருத்துவமனைக்கு, 25 ஊழியர் ஊக்கத்தொகைக்கு. அந்த 25-ஐப் பிரிக்கும்போது ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரை மறந்துவிடுவது நியாயமே இல்லை. ரத்தக் கேள்விக்குப் பதில் சொல்லி மார்க் வாங்கித் தந்தவர் அவர்தான்.